சிரமம் வேண்டாம் என்று சொன்ன மகளுக்கு

கார்ஸ்டன், கனடா,
அக்டோபர் 19.

அன்பு ஜனெல்லுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், பூனையும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்பாய், நானும் சரிம்மா என்பேன், அதோடு முடிந்துவிடும். ஞாயிறுதோறும் கணினியில் நாம் பேசுவது அவ்வளவுதானே. டிசம்பர் முதல் வாரம் பிரசவம் என்று டாக்டர் சொன்னதையும், அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கைல் புதுக் கப்பலோடு சோதனை ஓட்டத்துக்குக் கடலுக்குப் போக வேண்டியிருப்பதையும் போன மாதம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "நீங்க வர வேணாம்ப்பா, கொரியா வரைக்கும் எதுக்குச் சிரமம், நான் பாத்துக்கறேன்" என்றாய். நானும் பெரிய மனுஷன் மாதிரி உனக்கு எப்படி வசதியோ அப்படியே ஆகட்டும் என்றேன். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனால், உன் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பில்லாமலே கெட்டில் கொதித்திருக்கும். அந்த விஷயத்தைப் பேசத்தான் இந்தக் கடிதத்தைக் கணினியில் தட்டி அனுப்புகிறேன். ஆனால் அதற்கு முன்னால் உன் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய பட்டியலுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வாத்தியாரம்மா கோபித்துக்கொள்வார்.

கனடாக்காரர்களைப் பற்றி உன் உல்சான் பள்ளிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள் என்று நீ அனுப்பிய தாளை அம்மா குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். எங்களுக்குக் குளிரே தெரியாதாம். தெரியாமலா ராத்திரி என்ஜின் உறைந்துபோகாமலிருக்கக் காருக்குக்கூட மின்சாரக் கம்பி மாட்டிவிட்டுத் தூங்கப்போகிறோம்? எல்லோரும் பனிச்சறுக்கில் ஹாக்கி ஆடுவோமாம். உன் அப்பன் சறுக்கில் நின்ற ஒரே நாளில் கணுக்கால் முறிந்து ஆறு வாரம் கட்டுப்போட்டுக் கிடந்ததை அவர்களுக்குச் சொல். எதைத் தின்றாலும் அதன்மேல் மேப்பிள் பாகு ஊற்றுவோமாம். இந்த சஸ்காச்சுவானில் நான் பிறந்து அறுபத்தெட்டு வருஷம் ஆகிறது, பாகு வடிக்கிற மரம் ஒன்றை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அதெல்லாம் கிழக்கே இருக்கிறவர்கள் பாடு. வீட்டைப் பூட்ட மாட்டோமாம், அது பாதி உண்மை. வீட்டைப் பூட்டுவதில்லை, ஆனால் ஆகஸ்டில் காரைப் பூட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்தில் காய்த்துத் தள்ளுகிற சுக்கினிக் காயை யாராவது ஒரு மூட்டை பின்சீட்டில் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். இந்த வருஷம் நான் ஒரே ஒரு தரம் மறந்தேன், அம்மா மூன்று வாரம் அதையே ரொட்டியாகச் சுட்டாள். பிறகு, எல்லாவற்றுக்கும் சாரி சொல்வோமாம். அதை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. துணிக்கடைப் பொம்மையை இடித்துவிட்டு அதனிடம் சாரி கேட்டவன் நான், நீ பக்கத்தில் நின்று சிரித்தவள்.

ஆனால் கடைசியாக ஒரு பெண், மின்சோ என்று பெயர் போட்டிருந்தாள், கனடாக்காரர்களுக்குக் கோபமே வராது என்று எழுதியிருந்தாளே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. மெர்வ் பெரியப்பா ஏன் அக்டோபரில் நம் வீட்டு நன்றித் திருநாள் விருந்துக்கு வருவதை நிறுத்திவிட்டார் என்று நீ இரண்டு மூன்று தரம் கேட்டாய், நான் அறுவடை வேலை என்றேன். ஐந்து வருஷமாக ஒருவன் அறுவடையே செய்துகொண்டிருப்பானா? நீயும் மேலே கேட்கவில்லை. நம் குடும்பத்தில் யாரும் மேலே கேட்பதில்லை. இப்போது சொல்கிறேன். உன் தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தப் பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நிலைமை சரியில்லை, வர வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று நர்ஸ் என்னிடம் சொன்னாள். வெளியே பனிப்புயல், எதிர்ச்சுவர் தெரியவில்லை. பெரியப்பாவின் பண்ணை எழுபது கிலோமீட்டர் தள்ளி. கூப்பிட்டால் கிளம்பிவிடுவார், இந்தச் சாலையில் அவருக்கு எதற்குச் சிரமம், புயல் ஓயட்டும் என்று இருந்துவிட்டேன். புயல் ஓயவில்லை, சாயங்காலத்துக்குள் தாத்தா போய்விட்டார். அப்புறம் போன் செய்து சாரி சாரி என்று பத்துத் தரம் சொன்னேன். "பரவால்ல லைல், நீ என்ன பண்ணுவ" என்று வைத்துவிட்டார். அந்தப் பரவாயில்லைதான் ஐந்து வருஷம் ஓடியது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வரும், வழியில் பார்த்தால் கை அசைப்போம், மழை எப்படி என்று கேட்போம். எங்களுக்குள் சண்டை என்று ஊரில் ஒருவர் சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு மட்டும் வர மாட்டார்.

இந்த மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அஞ்சலகத்துக்குப் பக்கத்தில் நாலு பக்கமும் நின்று போகிற சந்திப்பு இருக்கிறதே, அங்கே நான் தெற்கிலிருந்து வந்து நிற்கிறேன், அதே நேரத்தில் கிழக்கிலிருந்து பெரியப்பாவின் லாரி வந்து நிற்கிறது. அவர் என் வலப்பக்கம், சட்டப்படி அவர்தான் முதலில் போக வேண்டும். போகாமல் எனக்குக் கை காட்டினார், நீ போ என்று. அதெப்படி, நான் அவருக்குக் காட்டினேன். அவர் மறுபடி எனக்கு. எனக்குப் பின்னால் நம் ஊர் டோரீன் அக்காவின் கார், அவளுக்குப் பின்னால் ஒரு உரவண்டி, ஹாரன் அடிக்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை. சரி, மரியாதைக்காகப் போவோம் என்று நான் காலை அழுத்தின அதே நொடியில் அவரும் அழுத்தினார். இருவரும் நின்றோம். சாரி என்று கையால் சொல்லிக்கொண்டோம். மறுபடி கை காட்டல், மறுபடி இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம், இந்தத் தரம் டமார். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவன், ஒரு கீறல் கிடையாது, கடைசியில் மரியாதை பார்த்து முன்விளக்கை உடைத்துக்கொண்டேன். அவருக்கு மட்கார்டு நசுங்கியது.

இறங்கினோம். இரண்டு பேர் வாயிலும் ஒரே நேரத்தில் சாரி. என் தப்பு என்றேன். இல்லை, என் தப்பு என்றார். நீதான் கை காட்டினியே, தப்பு என்னுதுதான் என்றேன். அவ்வளவுதான், அவர் முகம் பீட்ரூட் சூப்பு மாதிரி சிவந்துவிட்டது. "எதுக்கெடுத்தாலும் தப்ப நீயே தூக்கி மடியில வச்சுக்காதடா! அப்புறம் நான் எங்க போயி யார்மேல கோவப்படறது? வண்டில இடிச்சதுக்குச் சாரி, வாசல்ல இடிச்சுக்கிட்டதுக்குச் சாரி, அன்னிக்கு ஏன்டா எனக்கு போன் பண்ணல?" என்று கத்தினார். ஜனெல், உன் பெரியப்பா கத்தி நான் கேட்டதே இல்லை, கன்று போடும் மாடு காலை மிதித்தபோதுகூட அவர் கத்தியதில்லை. ரோடு மோசமா இருந்துச்சு, உனக்கு எதுக்குச் சிரமம்னு நினைச்சேன் என்றேன். "சிரமமா? அவரு எனக்கும் அப்பாடா! எனக்கு அந்தச் சிரமம் வேணும்டா! டிராக்டர ஓட்டிக்கிட்டாவது வந்திருப்பேன். வழியில மாட்டிக்கிட்டு வெறச்சுப் போயிருந்தாலும் அது என் சிரமம். அத என்கிட்டருந்து எடுத்துக்க நீ யாருடா?" என்றார். எனக்கும் எங்கிருந்தோ வந்துவிட்டது. "பரவால்லன்னு சொன்னது நீதானே! அஞ்சு வருசமா சொன்னியே!" என்று நடுத்தெருவில் நானும் கத்தினேன். "சொல்லுவேன்டா! வேற என்னத்தச் சொல்றது? நம்ம வீட்டுல வேற என்ன சொல்லக் கத்துக்குடுத்தாங்க?" என்றார். அஞ்சலக வாசலில் ஒருவர் இன்னொருவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தபடியே, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல், எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அப்போது டோரீன் அக்கா மெதுவாகக் காரிலிருந்து இறங்கி வந்து, "மன்னிக்கணும், குறுக்க பேசறேன், நீங்க பாட்டுக்கு நல்லா சண்ட போடுங்க, கொஞ்சம் ஓரமா நின்னு போட்டீங்கன்னா நான் தாண்டிப் போயிடுவேன், அவசரமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள். இரண்டு பேரும் அவளிடம் ஒரே குரலில் சாரி என்றோம். பெரியப்பாவுக்கு உதடு துடித்தது, அழுகையா சிரிப்பா தெரியவில்லை. வண்டிகளை ஓரம் கட்டினோம். அங்கே அவருடைய லாரிப் படியில் உட்கார்ந்துதான் சொன்னேன். சாரி என்று சொல்லவில்லை, அந்த வார்த்தையைப் பொம்மைக்கெல்லாம் கொடுத்துத் தேய்த்துவிட்டேன். "அண்ணே, போன் கையிலதான் இருந்துச்சு. உன் நம்பர்கூடப் போட்டேன். மணி அடிக்கறதுக்குள்ள வச்சுட்டேன். கூப்பிட்டிருக்கணும்" என்றேன். அவர் கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, கூப்பிட்டிருக்கணும்" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன்.

காப்பீட்டு அலுவலகத்தில் வேறு கூத்து. நான் என் தப்பு என்று எழுத, அவர் தன் தப்பு என்று எழுத, அந்தப் பெண் இரண்டு தாளையும் வைத்துக்கொண்டு யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்க சார் என்று கெஞ்சினாள். பதின்மூன்றாம் தேதி நன்றி விருந்துக்குப் பெரியப்பா முட்டைக்கோஸ் உருண்டை ஒரு தட்டு நிறையச் செய்து எடுத்துக்கொண்டு வந்தார். உன் விஷயம் பேச்சில் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க, இங்க பனிய நான் தள்ளிக்கறேன், பூனைக்கும் சோறு வச்சிடறேன்" என்றார். உனக்கு எதற்குச் சிரமம் என்று நான் வாயெடுத்தேன், முள்கரண்டியை என் பக்கம் நீட்டினார், வாயை மூடிக்கொண்டேன். கிளம்புகிறேன் என்று மேசையில் ஒரு தரம், வாசலில் ஒரு தரம், லாரிக் கண்ணாடியை இறக்கி ஒரு தரம் என்று அவர் விடைபெற்று முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஐந்து வருஷப் பாக்கி தீரட்டும் என்று அம்மா வாசலைவிட்டு நகராமல் நின்றாள்.

இப்போது உன் விஷயம். நவம்பர் இருபத்துநாலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுக்கிற வகையில்தான் எடுத்தேன், அதற்கும் உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. கேக்கறதே தப்பு, போய் நிக்கணும் என்கிறாள். நான் அப்படி வந்து நிற்க மாட்டேன், உன் வீடு, உன் உடம்பு, உன் பிள்ளை. முதல் தடவை நீயும் பிள்ளையும் மட்டும் இருக்க ஆசைப்படலாம், என் கேலியும் அம்மாவின் அதிகாரமும் அந்தச் சின்ன வீட்டுக்குத் தாங்காது என்று நினைக்கலாம். அப்படியானால் வராதீங்க என்று கத்திச் சொல், நன்றாகக் கோபப்பட்டுச் சொல், நான் சந்தோஷமாக வீட்டில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிப்பேன். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார வேண்டுமே, அப்பாவின் முட்டி வலிக்குமே, அம்மா சாப்பாட்டுக்கு என்ன செய்வாள் என்று யோசித்துச் சொல்லாதே. அதை நீ யோசிக்க வேண்டாம். என் அண்ணனுக்காக நான் ஒரு தரம் யோசித்தேன், அதன் பலனை எழுதிவிட்டேன்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடு, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மின்சோ என்கிற அந்தப் பெண்ணிடம் எங்களுக்குக் கோபம் வரும், வர ஐந்து வருஷம் ஆகும் என்று சொல். நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாகப் பிழைத்து வர மனசார ஆசீர்வாதம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுது, மறக்காதே. வேண்டாம் என்று எழுதினால் நம்புவேன். சிரமம் வேண்டாம் என்று எழுதினால் நம்ப மாட்டேன், அந்தச் சிரமம் எங்களுடையது.

உன் அப்பா,
லைல்