ஆறுதல் சொல்லிக் கெடுத்தவன்

ஐந்தருவி சாலையில் எண்ணெய் சூடாக்கும் வாசனை இன்று சாரலோடு வந்தது. குளிக்கப் போனவன் உன் நினைப்பில் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டேன். உடம்பெல்லாம் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவி வரிசையில் ஜெர்மன் தத்துவம் பேசிய ஒரே ஆள் நீதான். பக்கத்தில் நின்றவர்கள் நம்மைப் பார்த்து மெல்ல விலகிக்கொள்வார்கள்.

எம்.ஏ. வகுப்பில் நமக்குப் பிடிபட்டது கொஞ்சம்தான். தீமை என்பது வெறும் குறை அல்ல, நன்மையைத் தேர்ந்தெடுக்கிற அதே சுதந்திரத்திலிருந்துதான் அதுவும் முளைக்கிறது என்றார்கள் அந்த ஜெர்மன்காரர்கள். நான் பரீட்சை எழுதியதோடு சரி. நீ செங்கோட்டை பாசஞ்சரில் ஊர் திரும்பும்போது, "அப்போ விதி, ஜாதகம்னு சொல்லித் தப்பிக்க முடியாதுல்லா?" என்று கேட்டாய். பிறகு நான் கல்லூரி வாத்தியாரானேன். நீ மேலகரத்தில் அப்பாவின் உரக்கடையில் உட்கார்ந்தாய்.

உன் அப்பா படுக்கையில் கிடந்தபோது ஒரு மத்தியானம் உள்ளேயிருந்து தண்ணீர் கேட்டார். நீ கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். மறுபடியும் கேட்டார். நீ எழுந்து போனபோது உயிர் இல்லை. தண்ணீர் கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். ஊரே அதைச் சொன்னது. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு அவரைப் பார்த்துக்கொண்டவன் அசந்துபோவது இயல்புதான் என்று நானும் சொன்னேன்.

"அசதி இல்லலே," என்றாய் ஒருநாள் கடையில். "நல்லாக் கேட்டுச்சு. எந்திரிச்சிருக்க முடியும். கெடக்கட்டும்னு இருந்துட்டேன். அவரு பொழச்சிருப்பாரான்னு நான் கேக்கல. ஒரே ஒரு தடவ, நீ செஞ்சது தப்புன்னு சொல்லு. நீ வாத்தியாருல்லா."

"விடுலே, கிறுக்கன் மாதிரிப் பேசாத," என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. தேறிவிட்டாய் என்று எனக்குச் சந்தோஷம் வேறு. அடுத்த அருவி சீசனுக்குள் நெஞ்சுவலியில் நீயும் போய்விட்டாய்.

இந்த வருடம் அந்த ஜெர்மன்காரர்களின் பாடத்தையே நடத்தினேன். ஒருவன் தெரிந்தே செய்த தவறை நாம் சூழ்நிலையின் தலையில் கட்டினால், அவனை மனிதனாகவே மதிக்கவில்லை என்று ஆகும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதுதான் நீ கடையில் கேட்டது நினைவுக்கு வந்தது. உனக்கு இரக்கப்பட்டு ஆறுதல் சொன்னதாக நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 'தப்பு' என்று சொல்லிவிட்டால், அந்தப் பாரத்தோடு இருக்கும் உன் பக்கத்தில் நானும் இருக்க வேண்டும். அது என்னால் முடியாததல்ல. வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் உன் மனைவி, "ஒங்க ஆறுதல்லதான் அவுக நடமாடுனாக, அண்ணாச்சி," என்றாள். தலையாட்டிவிட்டு வந்தேன். என்னையும் யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. அது எவ்வளவு பெரிய தனிமை என்று இப்போதுதான் தெரிகிறது.

கேட்டுக்கோலே. நீ எந்திரிச்சிருக்கலாம். எந்திரிக்கல. நீ செஞ்சது தப்புதான்.

இதைச் சொல்லிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்.