டோக்கன் வேண்டாத சித்தப்பா

செப். 3, புதன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி கழுவி முடித்தேன். இறங்கி வந்தால் படியெல்லாம் ரத்தம். யாருடையது என்று பார்த்தால் என்னுடையதுதான். வலது கால், கட்டைவிரலுக்கு அடியில், ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். எதில் குத்தியது, எப்போது குத்தியது, தெரியாது. வலியே இல்லை. பன்னிரண்டு வருடச் சர்க்கரை பார்க்கிற வேலை.

வாங்க வேண்டியது: பஞ்சு, கட்டுத்துணி, செல்விக்கு வெற்றிலை.

செல்வி: "இன்னைக்கே கதிருகிட்ட காமிங்க." சனிக்கிழமை போகலாம் என்று வாயை அடைத்தேன்.

கதிர், என் பெரியப்பா பேரன். எங்கள் வகையறாவில் முதல் டாக்டர். சீட்டு கிடைத்த அன்று மேலூர் பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு ஃப்ளெக்ஸ் கட்டியது நான். கரண்ட் கம்பத்தில் ஏறுகிற லைன்மேன் வேலை அதற்காவது உதவியது.

செப். 6, சனி

கிளினிக். செல்வியும் கூட வந்தாள். நாற்பது பேருக்குக் குறையாது. டோக்கன் போடும் பெண் எழுந்து நின்று, "அய்யா, நீங்க நேரா உள்ள போங்க" என்றது. பின்னால் ஒரு அம்மா: "ஒம்போது மணிக்கு வந்து உக்காந்திருக்கோம். இவரு பாட்டுக்குப் போறாரு." கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. இங்கே எதற்குப் பொய்.

நோயாளி ஸ்டூல் எனக்குக் கிடையாது. கதிருக்குப் பக்கத்தில் மெத்தை நாற்காலி. ஒரு குழந்தைக்கு மருந்து எழுதிக்கொண்டே பேசினான்.

"என்ன சித்தப்பா, சுகர் எம்புட்டு இருக்கு?"

"சுகர் கெடக்கட்டும். கால்ல ஒரு புண்ணுப்பா."

"செருப்பு கடிச்சிருக்கும். களிம்பு எழுதுறேன். சித்தி, காபி சாப்பிட்டுத்தான் போகணும்."

மருந்துக் கம்பெனி கொடுத்த துண்டுத்தாளில் எழுதினான். மொத்தம் நாலு நிமிடம். அதில் மூன்று ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் பற்றி.

செப். 9, செவ்வாய்

தூறல். புண்ணின் ஓரம் கறுப்பு. நாற்றம். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டுப் போடுகிறாள்.

திரும்பக் கிளினிக். கதிர் அறைக்கு வெளியே, நடையில் நின்றபடியே பேச்சு. மருந்துக் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் கூட.

"காலைக் காமிக்கவாப்பா?" கட்டைப் பிரிக்கக் குனிந்தேன்.

"இங்கன எதுக்கு, நாலு பேரு பாக்க? உங்க காலை நான் பாக்காததா? வாயைக் கட்டுங்க சித்தப்பா, புண்ணு தானா ஆறும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆட்டோவில் செல்வி: "வேற டாக்டரப் பாப்பம்."

கத்திவிட்டேன். "கதிரு காதுக்குப் போச்சுன்னா அவன் மொகத்துல எப்புடி முழிக்கிறது?"



செப். 12, வெள்ளி

மூன்றாம் தடவை. லேசாகக் குளிர் எடுக்கிறது. கதிர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆன்டிபயாடிக் அஞ்சு நாளைக்குப் போடுங்க." அதே துண்டுத்தாள். இந்தத் தடவை ஊர்ப்பேச்சும் இல்லை, காபியும் இல்லை.

முப்பத்தொரு வருடச் சர்வீஸ். லைன் ஆஃப் என்று எவன் சொன்னாலும் நானே சோதித்துப் பார்க்காமல் கம்பியைத் தொட்டதில்லை. இவன் பார்க்காமலே சொல்கிறான், நான் மாத்திரையை விழுங்குகிறேன்.

செப். 15, திங்கள்

பெரியாஸ்பத்திரி. காலையில் காய்ச்சல் 103. செல்வி என்னைக் கேட்கவே இல்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டாள்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். குனிந்து, என் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி, விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அப்புறம் அழுகை. கிழவன் மாதிரி அழுதேன்.

"இத்தன நாளா யாருகிட்ட காட்டுனீங்க?"

"எங்க பையன்தாம்மா. டாக்டரு."

துண்டுத்தாள் இரண்டையும் கொடுத்தேன்.

"இதுல உங்க பேரு இல்ல, தேதி இல்ல, ஒண்ணுமே இல்ல. புண்ணைப் பாத்தாரா?"

செல்விதான் சொன்னாள்: "ஒருவாட்டிகூடப் பாக்கலம்மா."

இரண்டு விரல் போகும். பாதம் தப்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

செப். 17, புதன்

எடுத்தாச்சு. கட்டைவிரல், பக்கத்து விரல். இவ்வளவுதான்.

செப். 20, சனி

கதிர் வந்தான். ஆப்பிள், மாதுளை, ஹார்லிக்ஸ். ஊரிலிருந்து பெரிய அண்ணன் உட்பட ஆறு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அண்ணன்தான் ஆரம்பித்தார்: "வீட்டுக்குள்ளயே டாக்டர வச்சுக்கிட்டு இப்புடி விட்டுட்டியேப்பா."

கதிர் என் தோளைத் தொட்டான். "சித்தப்பா எங்கிட்ட காமிக்கவே இல்லையே பெரியப்பா. காமிச்சிருந்தா விட்டுருப்பனா? எங்க நோட்டுல வேணா பாருங்க, ஒரு தடவகூட இவரு பேரு இருக்காது."

இருக்காதுதான். எனக்குத்தான் டோக்கனே வேண்டாமே. பெரிய மனுசன். உள்ளே நேராகப் போகிறவன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவன் பார்க்கவில்லை, மாதுளைப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊருக்குள் அவன் பெயர் நாறும். நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமாண்ணே. நாந்தான் அசால்ட்டா இருந்துட்டேன்."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். செல்வி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவர்கள் கிளம்பும்வரை உள்ளே வரவில்லை.

செப். 21, ஞாயிறு

பக்கத்துக் கட்டில்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. எண்ணெய் போட்டால் சரியாகிவிடும், போட ஆளில்லை. என் பாதத்தைப் பற்றிச் செவ்வாய்க்கிழமைதான் சொல்வார்களாம்.

செல்வி இட்லி கொண்டுவந்தாள். ஊட்டவில்லை, தட்டை வைத்தாள். தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே சொன்னாள்:

"காலு உங்களது. என்னமும் சொல்லிக்கங்க. மூணுவாட்டியும் கூட வந்தவ நான். என்னையவும் சேத்துல்ல பொய்க்காரி ஆக்கிட்டீங்க."

அவன் என்னை ஏமாற்றினான். நான் இவளை.

இப்போதுதான் போன். கதிர்.

"சித்தப்பா, நேத்து நீங்க அப்புடிச் சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ். பெரிய மனசு உங்களுக்கு. சித்திகிட்டயும் கொஞ்சம் சொல்லி வைங்க, யாரு கேட்டாலும் அதேதான்னு. சரி, பேஷண்ட் வெயிட்டிங்கு, வைக்கிறேன்."

வைத்துவிட்டான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.