முந்தானையில் ஐந்து முடிச்சு

ஐந்து முடிச்சையும் அவிழ்க்காமலே போய்விட்ட என் அம்மாவுக்கு,

கேட்டால் முகம் சுளிப்பாய். இருந்தாலும் முதலில் இதைத்தான் சொல்லப் போகிறேன். நேற்றுக் காலை பட்டறை முதலாளி நம் வாசலைக் கூட்டினான். நான்தான் கூட்ட வைத்தேன். அவன் கூட்டி முடிக்கிற வரைக்கும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது, அம்மா. பொய் சொல்ல மாட்டேன்.

நான் லீவில் வந்து பன்னிரண்டு நாளாகிறது. நீ கண்ணை மூடிய அன்று, வளைகுடாவில் நான் வெல்டு போடும் யார்டில் என்னை விடவில்லை. தங்கச்சி லட்சுமி பிடித்துக் காட்டிய போனில்தான் உன் முகத்தைப் பார்த்தேன். தாமதமானாலும் உனக்குச் செய்ய வேண்டிய சடங்கை இந்த முறை செய்துவிட்டேன். அன்று சாப்பிட வந்தவர்களில் மணி அண்ணனும் ஒருவர். ஆலங்காயம் பட்டறை வாசலில் வாட்ச்மேனாக இருந்தாரே, அவர்தான். இலையில் சோறு அப்படியே இருக்க, "உனுக்கு விசயமே தெரியாதாப்பா?" என்று ஆரம்பித்தார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ சொன்னது மட்டும். அந்தப் பட்டறையில் ஆறு வருடம் வெல்டராக இருந்துவிட்டு வளைகுடாவுக்குப் போனேன். போன ஆறாம் மாதமே கனடாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பம் போடலாம் என்று தெரிந்தது. ஆங்கிலப் பரீட்சைகூட எழுதித் தேறிவிட்டேன். மூன்று வருட அனுபவத்துக்குச் சான்று காட்டினால் மதிப்பெண் போதும். அதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும். நான் அங்கே, கடிதம் இங்கே. நடுவில் உன்னைத்தான் அனுப்பினேன்.

சும்மா ஒரு கடிதம் போதாது, அதில் ஐந்து விசயம் இருக்க வேண்டும் என்று போனில் சொன்னேன். வேலையின் பெயர். என்னென்ன செய்தேன். எப்போதிலிருந்து எப்போது வரை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம். என்ன சம்பளம். எழுதிக்கொள்ளத் தெரியாத நீ, நம் மலையில் எல்லாரும் செய்வதுபோல, ஒவ்வொன்றுக்கும் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டாய். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம்கூட, "எம் மவன் வாரத்துக்கு நாப்பத்தெட்டு மணி நேரம் வேலை செஞ்சான்" என்று முடிச்சைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தாயாம். லட்சுமி இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். பாதியில் அழுகிறாள்.

ஒருவர் வாசலுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது உன் வழக்கம். முதல் முறை சாமை கொண்டுபோனாய். இரண்டாம் முறை கொட்டை எடுத்த புளி. மூன்றாம் முறை ஒரு பாட்டில் தேன். ஒவ்வொரு முறையும் முதலாளி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வா என்றான். அவனுக்கு என்ன வந்தது என்று மணி அண்ணனிடம் கேட்டேன். இவனுக்குக் கடிதம் கொடுத்தால் மலையிலிருந்து வந்த அத்தனை பேரும் கிளம்பிவிடுவார்கள் என்று பட்டறையில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னானாம்.

நான்காம் முறை நடந்ததைத்தான் நீ என்னிடம் மறைத்துவிட்டாய். பட்டறையைக் கூட்டும் பெண் அன்று வரவில்லை. "சும்மா குந்திகினு இருக்கறதுக்கு ஷெட்ட கூட்டு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்" என்றானாம். நீ கூட்டினாய். இரும்புத் தூளும் உடைந்த வெல்டிங் ராடும் கிடக்கிற அந்த நீள ஷெட் முழுவதையும், இடுப்பைப் பிடித்துப் பிடித்துக் கூட்டினாய். நீ முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவன் வண்டியெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தான்.

அன்று மாலை எனக்குப் போன் செய்து, "மொதலாளி ஊர்ல இல்லப்பா" என்றாய். ஏன் அப்படிச் சொன்னாய்? நான் கோபப்படுவேன் என்றா? கோபப்படத்தானே வேண்டும்? அடுத்த இரண்டாம் மாதம் நீயே இல்லை.

இன்னொன்று கேள். அவன் மகன் தினேஷும் அதற்கப்புறம் அதே ஏஜென்ட் மூலம் எங்கள் யார்டுக்கே வந்தான். மலைக்காரன் போகும்போது தன் பிள்ளை போகக் கூடாதா என்று அனுப்பினான் போலிருக்கிறது. நான் அதற்குள் ஃபோர்மேன் ஆகியிருந்தேன். ஒரு வருடம் என் கீழே இருந்தான். ராடு எடுத்துக் கொடுப்பான், வெல்டு போட்ட இடத்தைத் தேய்ப்பான். வெல்டிங் தேர்வில் இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் தவறினான். ஊர்ப் பையனாயிற்றே என்று அவனுக்கு என் சாப்பாட்டில் பங்கு கொடுத்தேன். அப்போது தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியவில்லை.

இப்போது தினேஷும் கனடாவுக்கு விண்ணப்பம் போடுகிறான். சொந்த அப்பா எழுதிக் கொடுக்கும் கடிதத்தை எவன் நம்புவான்? யார்டிலிருந்து கடிதம் வேண்டும். ஃபோர்மேன் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் ஆபீஸில் முத்திரை குத்துவார்கள். அதனால்தான் நேற்று முதலாளி மலை ஏறினான். பள்ளிக்கூடத்துக்கு மேலே கார் வராது என்பதால் மிச்ச ஏற்றத்தை நடந்தே வந்தான். வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

நம் வீட்டுக்கு ஏறி வந்த யாருக்கும் நீ முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பாய். நான் கொடுக்கவில்லை. கட்டிலைவிட்டு எழவும் இல்லை.

அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். பட்டறைப் பெயர் அச்சடித்த தாள், கையெழுத்து, முத்திரை. என் அனுபவக் கடிதம். பதிலுக்குத் தினேஷை வெல்டர் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் பேரம்.

தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உன் பெட்டியைத் திறந்தேன். அந்தப் புடவையை லட்சுமி துவைக்காமல் வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்தேன். ஐந்தும் இருந்தது. ஒரு எழுத்துப் பிழை இல்லை. வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்றுகூட இருந்தது. அப்படியென்றால் நீ சொன்னதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்கிறது. பத்து நிமிட வேலை, அம்மா. அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் உன்னை நான்கு முறை மலை இறக்கி ஏற்றினான்.

வெளியே வந்து, கடிதத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"வாசல கூட்டுங்க, மொதலாளி. எழுதித் தர்றேன்."

அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. துடைப்பத்தை எடுத்துக் குனிந்தான். பிள்ளைக்காக என்றால் யாரும் குனிவார்கள் என்பதை நீயும் அவனும் சேர்ந்தே எனக்குக் காட்டிவிட்டீர்கள். ஆனால் கூட்டவே தெரியவில்லை அவனுக்கு. குப்பையை இங்கேயிருந்து அங்கே தள்ளினான். புங்க மரத்தடியை அப்படியே விட்டுவிட்டான். அந்த மூலையைக் காட்டி, திரும்பக் கூட்டச் சொன்னேன். கூட்டினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

முடிந்ததும் நான் சொன்ன சொல் தவறவில்லை. எழுதிக் கொடுத்தேன். தினேஷ், ஹெல்பர், பன்னிரண்டு மாதம். ராடு எடுத்துக் கொடுத்தார், தேய்த்தார், சுத்தம் செய்தார். கீழே என் கையெழுத்து. ஹெல்பர் வேலை அந்த விண்ணப்பத்தில் கணக்கில் வராது என்பது அவனுக்கும் தெரியும்.

படித்துவிட்டுத் தாளை என் பக்கமே திருப்பி நீட்டினான். "இன்னாப்பா இது? ரெண்டு வரி மாத்திப் போட்டா இன்னா கொறஞ்சு போவுது உனுக்கு?"

"செஞ்சத எழுதியிருக்கேன். செய்யாதத எப்படி எழுதறது?"

என் கடிதத்தைக் கட்டிலிலிருந்து எடுத்து, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். படி இறங்கும்போது திரும்பி, "உங்கம்மா இருந்திருந்தா ஒரு வாய் தண்ணி கூட குடுக்காம அனுப்ப மாட்டாங்க" என்றான்.

"அவுங்க இல்ல. நான்தான் இருக்கேன்."

அவன் பையோடு என் ஆறு வருடமும் மலை இறங்கிப் போயிற்று. யார்டில் மூன்று வருடம் முடிய எனக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. வயது ஏறினால் மதிப்பெண் குறையும், பிறகு இடம் கிடைக்குமோ கிடைக்காதோ. லட்சுமிக்கு நேற்றிலிருந்து என்மேல் கோபம். "அம்மா அலஞ்சதே அந்த லெட்டருக்குத்தான, அத போய் விட்டுட்டியே" என்றாள். அவள் சொன்னதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறதா?

துடைப்பத்துக்காக நான் வருந்தவில்லை. அவனிடம் மன்னிப்பும் கேட்க மாட்டேன். தண்ணீருக்காக மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அது உன் வாசல்.

புடவையை என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். முடிச்சைத் தொடவில்லை. அடுத்த வருடம் யார்டிலிருந்து எனக்குக் கடிதம் வரும். அன்று உன் முந்தானையை மடியில் போட்டுக்கொண்டு, அந்த ஐந்தையும் உனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிப்பேன். ஒவ்வொன்றாக அவிழ்ப்பேன். அந்தத் தாளில் அவன் பெயர் இருக்காது, அம்மா. இது சத்தியம்.

வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் வேலை செய்த
உன் மகன்,
வெள்ளையன்