சொல்லி முடிக்காத மாரத்தான்

நேற்று மழையில் ஷூ முழுக்க நனைந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்துச் சமையலறை ஓரமாகச் சாய்த்து வைத்தேன். காலையில் அதை வெளியே எடுத்தபோது ஈரக் காகிதமும் ரப்பரும் கலந்த வாடை வந்தது. ஆஸ்பத்திரியின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து நீங்கள் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. "அடுப்புக்கிட்ட மட்டும் வெக்காதீங்க, ஒட்டு உட்டுப்போயிரும்" என்பீர்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் என்பதால் ஊரில் எல்லோரும் உங்களை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நீங்கள் என்னைவிடச் சில வயது மூத்தவர். ஆனாலும் கடைசிவரை என்னை 'ஏனுங்க' என்றுதான் அழைத்தீர்கள். என் பெயரை நீங்கள் சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை.

முதல் முறை நாம் பேசியது என் சர்க்கரையைப் பற்றி. ஓட்டல் ரிசப்ஷனில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள் நான். சேலத்திலிருந்து ஏற்காடு மலைக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே நாற்காலி. விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "எல்லையில நிக்குதுங்க. காலைல நடங்க" என்றீர்கள். மறுநாள் ஏரிச் சாலையில் நடந்தபோது, தலையில் மப்ளரும் ஆண்கள் போடுகிற டீ-ஷர்ட்டுமாக ஒரு உருவம் ஓடி வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் நீங்கள் என்று தெரிந்தது. என்னைவிட நீங்கள்தான் அதிகம் திடுக்கிட்டீர்கள். "நான் ஓடறதை யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. ஊசி போட வர்றவங்கல்லாம் இதையே பேசுவாங்க."

அந்த ரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்து டீக்கடைக்காரர் நாம் கடக்கும்போதெல்லாம், "ஏனுங்க சிஸ்டர், யாரு தொரத்தறாங்க?" என்று கேட்பார். நீங்கள் நிற்காமலே, "இவங்க சக்கரைங்க" என்று என்னைக் காட்டுவீர்கள். நான் நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறியது எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை. உங்களோடு பேசிக்கொண்டே வர வேண்டுமென்றால் ஓடித்தான் ஆக வேண்டியிருந்தது.

கோவையில் ஓடியதுதான் நம் இருவருக்கும் முதல் முழு மாரத்தான். மலையில் பயிற்சி எடுத்தவர்களுக்கு ஏற்றம் பயமில்லை. வெயிலைத்தான் நாம் கணக்கில் எடுக்கவில்லை. முப்பதாவது கிலோமீட்டர் தாண்டியதும் உங்கள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. சாலை நடுவே இருந்த தடுப்புச் சுவரில் உட்கார்ந்துவிட்டீர்கள். "நீங்க போங்க" என்றீர்கள். நான் போகவில்லை. அதைப் பெரிதாக யோசிக்கவும் இல்லை. கூட வந்தவர் உட்கார்ந்திருக்கும்போது நாம் போவதாவது என்றுதான் தோன்றியது. காலைத் தேய்த்துவிட்டு, கையைப் பிடித்து எழுப்பி, மீதித் தூரம் முழுவதையும் உங்களோடு நடந்தேன்.

நாம் போய்ச் சேர்ந்தபோது அங்கே எதுவும் இல்லை. சாலையில் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. முடிவிடத்து வளைவைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துணிப் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒருவர் நம்மைப் பார்த்து, "நீங்களும் ஓட்டமா?" என்று கேட்டுவிட்டு, மிச்சமிருந்த வாழைப்பழங்களில் இரண்டைக் கொடுத்தார். பதக்கம் தீர்ந்துவிட்டதாம்.

திரும்பும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். வலி போலிருக்கிறது என்று நானும் பேசவில்லை. சங்ககிரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"நான் கேட்டனுங்களா உங்களை நிக்கச் சொல்லி?"

"அதெல்லாம் கேக்கணுமாங்க சிஸ்டர்?"

"எங்கால் போச்சு. அது எம்பாடு. உங்க ஓட்டத்தையும் எடுத்து எந்தலை மேல வெச்சுட்டீங்க. நான் அதை எப்படிங்க தூக்கறது?"

நல்லது செய்ததாக நினைத்திருந்தவளுக்கு அது அறைந்ததைப் போல இருந்தது. சேலத்தில் இறங்கி, ஏற்காடு பஸ்ஸில் ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் உங்கள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அதன் பிறகு பல வாரங்கள் நாம் பேசவில்லை. ஆனால் ஓடினோம். இருப்பது ஒரு ஏரி, அதைச் சுற்றி ஒரு சாலை. நான் இடப்பக்கமாகக் கிளம்பினால் நீங்கள் வலப்பக்கமாகக் கிளம்பினீர்கள். படகுத்துறைப் பக்கம் எங்காவது எதிர்ப்படுவோம். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு கடந்து போவோம். டீக்கடைக்காரர்கூடக் கேலியை நிறுத்திவிட்டார். "சிஸ்டரோட பேசறதில்லையா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "பேசிட்டுத்தான் இருக்கோம்" என்று பொய் சொன்னேன்.

பிறகு ஒரு நாள் பனிமூட்டம் அப்படி இறங்கியிருந்தது. நீட்டிய கை தெரியவில்லை. எதிரே காலடிச் சத்தம் கேட்டது, ஆள் தெரியவில்லை. நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். நான்தான் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓரமாக ஒதுங்கினேன். நீங்களும் அதே பக்கம் ஒதுங்கியிருக்கிறீர்கள். தோளோடு தோள் மோதி நின்றோம்.

"உங்க வலது கால் சத்தம் மாறிப்போச்சுங்க. ஷூ தேஞ்சிருச்சு. மாத்துங்க" என்றீர்கள். அவ்வளவுதான் சமாதானம். நீங்கள் வந்த வழியே திரும்பி என்னோடு ஓட ஆரம்பித்தீர்கள்.

அந்த மாதமே சேர்வராயன் கோயில்வரை ஏறிப்போனோம். உச்சியில் காற்று வியர்வையை உடனே குளிராக்கியது. புல்லில் உட்கார்ந்து ஆரஞ்சை உரித்துக்கொண்டே நீங்கள் பேச்சை எடுத்தீர்கள். இனி யாருக்குக் கால் போனாலும் மற்றவர் நிற்கக் கூடாது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். "சரிங்களா?" என்றீர்கள். நான் சரி என்றேன். ஆரஞ்சில் பாதியை என் கையில் வைத்தீர்கள்.

சென்னை மாரத்தானில் அதற்கு வேளை வந்தது. புழுக்கம். பாதி தாண்டியதும் எனக்கு வாந்தி வந்தது. நீங்கள் நின்றீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள், கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தீர்கள். "ஒண்ணுமில்லீங்க, உப்புக் கொறஞ்சிருக்கு. குடிச்சுட்டு மெதுவா வாங்க." ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் பார்க்கவில்லை. கூட்டத்தில் அந்த மப்ளர் நிறம் மறைகிறவரை பார்க்கவில்லை.

கோபம் வந்தது, மறைப்பானேன். அழுகையும் வந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்தேன், பிறகு ஓடினேன். முடிவிடத்தில் நீங்கள் காலை அகட்டி வைத்து நின்றிருந்தீர்கள், உட்கார முடியாமல். "வந்துட்டீங்களா?" என்றீர்கள். நல்ல நேரத்தில் முடித்திருந்தீர்கள், அதைக் கேட்ட பிறகுதான் சொன்னீர்கள். என் கழுத்தில் கிடந்த பதக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நொம்பக் கனமா இருக்கு" என்று சிரித்தீர்கள். அன்று என்னால் நீங்களும் எதையும் இழக்கவில்லை, உங்களால் நானும் இழக்கவில்லை. பஸ்ஸில் நீங்கள் கோவையிலிருந்து வரும்போது சொன்னது எனக்குச் சென்னையிலிருந்து வரும்போது புரிந்தது.

ஓட்டத்துக்குப் பிறகு மூன்று வாரம் ஓடக் கூடாது என்பது உங்கள் சட்டம். முதல் சில நாட்கள் ஓட்டல் மாடிப்படியில் நான் பின்பக்கமாகத்தான் இறங்குவேன். தொடை முன்பக்கம் அவ்வளவு வலிக்கும். வந்த விருந்தினர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்த வாரங்களில் பஸ் ஏறி மாரமங்கலம் பக்கம் போய், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே சும்மா நடப்போம். ஓடும்போது பேசாததையெல்லாம் அப்போதுதான் பேசுவோம்.

அப்படி ஒரு நடையில்தான் சொன்னீர்கள்.

"ஸ்கேன் எடுத்தேனுங்க. நல்லா இல்லை."

நான் நின்றுவிட்டேன். நீங்கள் நடந்துகொண்டே, "நடங்க, பஸ்ஸு வந்துரும். உட்டா அடுத்தது சாயங்காலந்தான்" என்றீர்கள். பஸ்ஸில் ஏறிய பிறகு கருப்பையில் கட்டி என்றும், பரவியிருக்கிறது என்றும், சேலத்தில் சிகிச்சை தொடங்கப் போவதாகவும், யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

சிகிச்சை ஒரு வருடம் உங்களைத் தாங்கியது. முடி போனது, மப்ளர் அதற்கும் பயன்பட்டது. நல்ல நாட்களில் ஏரிவரை நடந்தீர்கள். பிறகு நோய் திரும்ப வந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், ஊட்டுலயே இருந்துக்கறேன் என்றீர்கள். உங்கள் தம்பி மனைவி பார்த்துக்கொண்டார். நான் அடுத்த மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். போகவில்லை என்று சொல்லத்தான் அன்று மாலை உங்களிடம் வந்தேன்.

"மலைமேல பேசினது மறந்துபோச்சுங்களா?"

"அது ஓட்டத்துக்குப் பேசினதுங்க."

"எல்லாத்துக்கும் சேத்துத்தான் பேசினேன். நின்னீங்கன்னா மறுபடியும் பஸ்ஸுல மூஞ்சியத் திருப்பிக்குவேன்."

நான் போனேன். தனியாகப் போய், தனியாக ஓடி, தனியாகத் திரும்பி வந்தேன். நீங்கள் இருந்தீர்கள். ஓடக் கூடாத அந்த மூன்று வாரங்களும் விடியலில் எழ வேண்டியதில்லை, மாலையில் வெகுநேரம் இருக்க முடிந்தது. வலிக்கிற காலோடு உங்கள் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான். "ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க."

விடியலில் கூட்டம் நின்றது, பக்கத்தில் ஒரு முதியவர் வெறுங்காலோடு வந்தது, முதல் தண்ணீர் மேசை, மேம்பாலம், மேம்பாலத்தில் வந்த காற்று என்று சொல்லிக்கொண்டே போவேன். பாதித் தூரம் வருவதற்குள் தூங்கிவிடுவீர்கள். மறுநாள், "நேத்து உட்ட எடத்துல இருந்து சொல்லட்டுங்களா?" என்றால், "வேண்டாம், மொதல்ல இருந்து" என்பீர்கள். மறுபடியும் அந்த முதியவர், அந்த மேம்பாலம். மறுபடியும் தூக்கம். மருந்தின் மயக்கம்தான். நான் முடித்தேனா இல்லையா என்பதைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம் போய்விட்டீர்கள். நான் ரிசப்ஷனில் இருந்தேன். மாதா கோயிலில் சாவு மணி அடித்தது. யாருக்கு என்று யாரையும் கேட்கவில்லை. மறுநாள் கல்லறைவரை பின்னால் நடந்து வந்தேன். ஏற்றத்தில் கால் வலிக்கவே இல்லை. இரண்டு நாளில் ஓட ஆரம்பித்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. நீங்கள் சொன்ன மூன்று வாரத்தில் கால்கள் சரியாக ஆறியிருந்தன.

உங்களிடம் சொல்லாத மீதிப் பாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஏற்றத்தில் ஓடும்போது சில நாட்கள் அதை மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பேன். இங்கே எழுதிவிடுகிறேன்.

மேம்பாலம் இறங்கியதும் வெயில் ஏறிவிட்டது சிஸ்டர். முப்பது தாண்டியதும் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வந்த ஒரு பெண், என்னைவிட நொம்பச் சின்னவள், முன்பின் தெரியாதவள், நின்றுவிட்டாள். "நான் கூட நடக்கட்டுங்களா அக்கா?" என்றாள். நல்ல வேகத்தில் வந்தவள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அன்று அவளுக்கு நல்ல நாள். "வேண்டாம் கண்ணு, ஒண்ணுமில்லை. நீ போ" என்றேன். தயங்கினாள். "போ சாமி, நான் வந்துருவேன்" என்று மறுபடியும் சொன்னேன். போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள். கம்பத்திலிருந்து கையை எடுத்து அசைத்துக் காட்டினேன். அதன் பிறகு அவள் திரும்பவில்லை.

அவள் முகம் மறந்துவிட்டது. அவள் போகப் போக எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பது மறக்கவில்லை. நான் முடித்துவிட்டேன் சிஸ்டர். கடைசியாகத்தான் வந்தேன், ஆனால் வளைவைப் பிரிப்பதற்குள் வந்துவிட்டேன்.