சம்பந்திச் சண்டையும் இரண்டு ஆட்சிகளும்

15 ஜூன் 2025, ஞாயிறு

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பெண் ஸ்ரேயாவுக்கும் அபிநவுக்கும் ஒருவரையொருவர் எப்போதோ பிடித்துப்போயிற்று. பெரியவர்கள் உட்கார்ந்து நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. அபிநவின் அப்பா ராஜகோபால் இந்தத் தெலுங்கு ஊரிலேயே, நாச்சாரத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, "போன ஆட்சிக்குக் கோவிலே கட்டணும் மாமி. அதுக்கு முன்னாடி கரண்ட் எப்போ வரும்னு காத்துண்டு கிடப்போம்" என்றார்.

எங்காத்துக்காரர் இவர் சும்மா இருக்கக் கூடாதா? "கடன் வாங்கிச் செஞ்சா யார் வேணாலும் செய்யலாம். இப்போ இருக்கறவாதான் வேலைக்கு ஆள் எடுக்கறா, பொம்மனாட்டிகளுக்கு பஸ் விடறா."

"ஓசி பஸ் விட்டா வளர்ச்சியா சார்?"

"உம்ம பட்டறை ஓடினா ஊரே ஓடறதா?"

எங்கள் தார்நாகா பேட்டை முழுக்கக் கேட்டிருக்கும். ராஜகோபால் எழுந்து போய்விட்டார். நாள் குறிக்கவில்லை.

16 ஜூன்

ஸ்ரேயா இங்கிலீஷில் மட்டும் பேசுகிறாள். அவ்வளவு கோபம்.

21 ஜூன், சனி

அவரும் போன் பண்ணவில்லை, இவரும் பண்ணவில்லை. ஓட்டு கேட்டு வந்தவன் அப்புறம் இந்தத் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தானா? அவனுக்காகப் பெத்த குழந்தைகள் கல்யாணத்தை — என்ன மனுஷா இவா!

போதும். நானே போகிறேன்.

23 ஜூன், திங்கள்

போனேன். பட்டறைக்கு, ஓசி பஸ்ஸில்தான். ராஜகோபால் பதறிப்போய், ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாருமா வாங்கோ. அரசியலே பேசுங்கோ. ஒரே ஒரு கண்டிஷன். உங்க கட்சியைப் பத்தி நீங்க வாயே திறக்கப்படாது. எதிராளியோட கட்சி செஞ்ச நல்லதை மட்டும்தான் சொல்லணும். எங்காத்துக்காரருக்கும் அதேதான்."

"அய்யோ, நக்கோ மாமி, வேண்டாம்! வாயில வராது."

பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஹவ், சரி, வரேன்."

29 ஜூன், ஞாயிறு

ஆரம்பத்தில் பாடம் ஒப்பிக்கும் பையன்கள் மாதிரி இருந்தது. இவர் தொண்டையைக் கனைத்து, "கரண்ட்... கரண்ட் விஷயம் வாஸ்தவம்தான்" என்றார். முப்பது வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தவர் இதைச் சொல்ல இத்தனை பாடா!

அடுத்து ராஜகோபால். "எங்க பட்டறை ஆபீஸ்ல ஒரு பொண்ணு, சாயங்காலம் அமீர்பேட்ல கவர்மென்ட் பரீட்சைக்குக் கோச்சிங் போறா. பஸ் செலவு இல்லைங்கறதாலதான் முடியறதாம். போன வாரம்தான் கேட்டேன். அதுவரைக்கும் எனக்குத் தோணவே இல்லை."

அதற்கப்புறம் சூடு பிடித்துவிட்டது. இவர் மேம்பாலங்களையும் ஐ.டி. கம்பெனிகளையும் அடுக்க, அவர் அரசுவேலைத் தேர்வுகளை எடுத்துப் பேச... மெட்ரோவில் வந்து முட்டிக்கொண்டு நின்றார்கள். "ஓட விட்டது உங்களவா" என்றார் இவர். "அந்தக் காலத்துலயே ப்ளான் போட்டது உங்களவா சார்!" இப்படியும் ஒரு சண்டை உண்டா? மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்பதற்கு மட்டும், ரெண்டு ஆட்சியும் மோசம் என்று ஒரே குரல்.

அபிநவ் தெலுங்கில் ஏதோ கிசுகிசுக்க, ஸ்ரேயா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்கு ஓடிவிட்டாள்.

நாள் குறித்தாச்சு!

14 ஜூலை

இவர் இன்றைக்கும் நாச்சாரம் பட்டறைக்குப் போயிருக்கிறார். கேட்டால், "வளர்ச்சியை நேர்ல பார்க்கறேன்" என்கிறார்.

29 ஆகஸ்ட், வெள்ளி

நிச்சயதார்த்தம். தட்டு மாற்ற சாஸ்திரிகள் கூப்பிடுகிறார், சம்பந்திகள் இரண்டு பேரையும் காணோம். மண்டப வாசலில் உரத்த குரல். ஸ்ரேயா முகம் வெளுத்து, "அம்மா, நாட் அகெய்ன்!" என்றாள்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். இவர் போன ஆட்சிக்காகக் கத்திக்கொண்டிருக்கிறார். ராஜகோபால் இந்த ஆட்சிக்காக மேஜையைத் தட்டுகிறார். ரெண்டு முகத்திலும் அப்படியொரு சந்தோஷம்!

"மாமி, நீங்களே சொல்லுங்கோ. உங்க ஓட்டு யாருக்கு?"

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளாய் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை.

"அதை மிஷினுக்குள்ள பூட்டியாச்சு. தட்டை எடுங்கோ, ரெண்டு பேரும்."

ஆளுக்கொரு தட்டுடன் என் பின்னாலேயே வந்தார்கள்.