தீர்த்தம் படாத கண்ணாடிகள்

இலோயிலோ,
ஞாயிறு

அன்பு மகன் லியாந்த்ரோவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் தங்கை பெனில்டாவும் ஆண்டவர் கிருபையால் நலம், டொராண்டோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நான் பெனில்டாவின் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ரசாயனக் குவளையில் தீர்த்தம் ஊற்றினேன், அதனால்தான் அவளுடைய சூரிய மின்கலம் வேலை செய்தது என்று உன் சித்தி கொன்சோர்சியா போனில் சொன்னாளாம். சுத்தப் பொய். கன்னியர் மடத்தில் படித்தவள் நான், தீர்த்தத்தை எங்கே ஊற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போனால் காரியத்தைக் கெடுத்ததே தீர்த்தம்தான். அவள் வேலை பார்க்கும் கல்லூரியில் ஆய்வுக்குப் புது அறை திறந்தார்கள், வழக்கம்போல ஃபாதர் செலெதோனியோ மந்திரிக்க வந்தார். மூடியிருந்தால் ஆசீர்வாதம் உள்ளே போகாதே என்று உன் தங்கையே அலமாரி, இழுப்பறை, கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறாள். மணிலாவிலிருந்து சோதிக்க வரும் குழுவுக்குக் காட்ட, மின்கலம் செய்யக் கழுவிக் காயவைத்த கண்ணாடிகளின் மேலும் ஃபாதர் தாராளமாகத் தெளித்துவிட்டார். தீர்த்தத்தில் உப்பு உண்டே. பிறகு அவற்றை வெதுவெதுப்பான கரைசலில் நிறுத்தினால், தெளிவாக இருந்த தண்ணீர் மஞ்சளாகி, மஞ்சள் ஏடு கண்ணாடியில் படிந்தது, ஆனால் துளி பட்ட இடமெல்லாம் தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்துவிட்டது. ஏட்டில் ஓட்டை இருந்தால் மின்சாரம் கிடைக்காதாம். குழுவுக்குத் திருப்தி இல்லையென்றால் அறையை மூடிவிடுவார்கள், அப்படி மூடினால் நீ டொராண்டோவில் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்ல வேலைக்கு வருவதாக அவள் உனக்கு வாக்குக் கொடுத்திருந்தாளே. சமையலறையில் உட்கார்ந்து, சாமியாரைக் குத்தம் சொல்ல முடியுமாம்மா, நான்தானே எல்லாத்தையும் தொறந்து வெச்சேன் என்று அழுதாள். குத்தம் யாருதுன்னு அப்புறம் பாக்கலாம், போய் வேற கண்ணாடி கழுவுடி என்றேன்.

கழுவினாள். விஷயம் கேள்விப்பட்டு ஃபாதர் மறுபடி, இன்னும் பெரிய செம்போடு வந்தார், இந்தத் தடவை பலமாக மந்திரிக்கிறாராம். உன் தங்கை வாசலை மறித்துக்கொண்டு, ஃபாதர், தயவு பண்ணிக் கதவோட நிறுத்திக்குங்க, உள்ள நான் பாத்துக்கிறேன் என்றாள். என்னைவிட உன் குவளை பெரிய சாமியா என்று அவர் கேட்க, இந்த வாரம் மட்டும் ஃபாதர் என்றாளாம். அவரே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன், மடத்துச் சகோதரிகள் மன்னிக்கட்டும்.

குழு வந்த அன்று நானும் போயிருந்தேன். தீர்த்தம் படாத புதுக் கண்ணாடிகளில் ஏடு ஓட்டையில்லாமல் படிந்திருந்தது. மின்கலங்களை ஒரு பலகையில் வரிசையாகக் கோர்த்து, சின்னக் காற்றாடி ஒன்றை இணைத்து முற்றத்து வெயிலில் வைத்தாள். சுற்றியது. தலைவி அம்மாள், பேட்டரிய எங்க ஒளிச்சு வெச்சிருக்க பொண்ணு என்றாள். இவள் பலகையைத் திருப்பிக் காட்டினாள். அந்த அம்மாள் கையால் வெயிலை மறைத்தாள், காற்றாடி நின்றது. கைய எடுங்க மேடம் என்றாள் உன் தங்கை. எடுத்ததும் மறுபடி விர்ரென்று சுற்றியதடா. அறை நிலைத்தது, வேலையும் நிலைத்தது. அன்றைக்குத் தெருவுக்கே பன்சித் நூடுல்ஸ் செய்து கொடுத்தேன்.

ஆனாலும் அவள் முழுதாகச் சந்தோஷப்படவில்லை. நீ அவளுக்காக அங்கே பலரிடம் பேசி வைத்திருக்கிறாய், அண்ணன் முகம் வாடுமே என்று தயங்குகிறாள். கிறிஸ்துமஸ் சமயத்தில், கண்ணாடிக்கு மஞ்சள் பூசவா இவ்வளவு படிச்ச என்று நீ கேட்டதும் மனதில் இருக்கிறது. அவள் உன்னிடம் கேட்க மாட்டாள், அதனால் நான் கேட்கிறேன். ஆண்டவர் உன்னைக் காப்பாராக, நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசைக்குத் தவறாதே. டொராண்டோவுக்கு வர வேண்டாம், இலோயிலோவிலேயே இரு என்று உன் கையால் அவளுக்கு எழுது. போன் வேண்டாம். கடிதமாக எழுதி அனுப்பு.

உன் அம்மா,
பூரிஃபிகாசியோன் சுமகாய்சாய்