நம் ஊர் ஒரு வார்டான பிறகு

அக்கா,

இன்று காலை ஊராட்சி அலுவலகத்தைத் தாண்டும்போது பெயிண்ட் நெடி மூக்கில் ஏறியது. ஏணி மேல் நின்ற ஒருவர் சுவரில் இருந்த நம் ஊர்ப் பெயரை வெள்ளையால் மூடிவிட்டு, நகராட்சியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கீழே சின்னதாக ஒரு வார்டு எண்.

நீ தலைவராக இருந்தபோது குழாயில் தண்ணீர் நின்றால் பெண்கள் அந்த அலுவலகத்துக்குப் போனதே இல்லை. குடத்தோடு உன் வாசலுக்குத்தான் வருவார்கள். நண்டு கழுவிய கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வருவாய். "கத்தாதீங்கடி, எனக்குந்தான் வர்ல" என்பாய். டவுன் கரையிலிருந்து ஏரியைத் தாண்டி நம் ஊருக்கு வரும் குழாய் எங்கே உடைந்தது என்று பார்க்க, ஆட்களோடு நீயும் படகில் ஏறுவாய்.

ஊர்களைச் சேர்த்து ஒரே நகராட்சி ஆக்கப்போவதாகச் சொல்ல, கிராம சபைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான். ரோடு வரும், விளக்கு வரும் என்றார். இளவட்டங்கள் கைதட்டினார்கள், என் மகனும் தட்டினான். நூறு நாள் வேலை போய்விடுமே என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். நீ எழுந்தாய்.

"எங்களுக்கோசரம் அங்க யாரு சார் பேசுவாங்க?"

"உங்க நாலு ஊருக்கும் சேர்த்து ஒரு கவுன்சிலர் இருப்பாரும்மா."

"அவரு எந்தக் கரையில இருப்பாரு?"

அவர் மறுபடியும் ரோடு, விளக்கு என்று ஆரம்பித்தார். வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். அதைத் தூக்கிக்கொண்டு நீ ஆபீஸ் ஆபீஸாக அலைந்தாய். உன் பதவிக்காலம் முடிந்தது. கொஞ்ச நாளில் உத்தரவும் வந்துவிட்டது.

அதன்பிறகு எங்களோடு ஏரியில் இறங்கினாய். சேற்றைத் தடவி இறால் பிடித்துப் பல வருஷம் ஆனதால் உன் விரலெல்லாம் கீறல். "தலைவரம்மா, உனக்கு இன்னாத்துக்கு இது?" என்று ஒருத்தி கேட்டாள். "தலைவருன்னா வேற சோறா துன்றாங்க?" என்றாய். சிரித்தோம். ஆனால் கரையேறியதும் நீ தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாய். கூப்பிட்டும் திரும்பவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் கெளுத்தி மீனின் முள் உன் காலில் ஏறியது. உனக்கோ சர்க்கரை. துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் இறங்கினாய். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது கால் கறுத்திருந்தது. அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். உன் உடலைத்தான் படகில் கொண்டுவந்தோம்.

போன மாதம் தண்ணீர் நின்றது. பழக்கத்தில் எல்லோரும் உன் வாசலில் கூடிவிட்டார்கள். "யக்கா" என்று ஒருத்தி கூப்பிட்டும்விட்டாள். மாமா வெளியே வந்து எங்களைப் பார்த்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நாங்கள் சிலபேர் படகேறி டவுனில் நகராட்சி ஆபீஸுக்குப் போனோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா, பாக்கலாம்" என்றார்.

"ஆளு கெளம்பறத பாத்துட்டே போறோம் சார்" என்றேன்.

நான்தான் சொன்னேன், அக்கா. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான்! மத்தியானம் தாண்டி இரண்டு ஆட்கள் எங்கள் படகிலேயே வந்தார்கள். நடு ஏரியில் குழாயைத் தேடிப் பிடித்து அடைத்தார்கள். எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். எனக்கோ அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான் பேசிவிட்டேன் என்பதை ஓடிவந்து சொல்ல, நீ இல்லையே.